இச்சி, நி, சான்: போர்க்காலப் பள்ளிக்கூடம் பிள்ளைக்குள் எதை விட்டுச் செல்கிறது?

என் தாத்தாவின் தம்பிக்கு எண்பத்தைந்து வயது நடந்துகொண்டிருந்தபோது பெயர்கள் ஒவ்வொன்றாக அவரைவிட்டுக் கழன்றுகொண்டிருந்தன. என்னை என் அம்மாவின் பெயர் சொல்லி அழைப்பார். மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டால் எந்த மருந்து என்பார். ஆனால் தோ பாயோவில் அவருடைய அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், காலையில் கையைத் தூக்கி இறக்கி உடற்பயிற்சி செய்யும்போது எண்ணிக்கை மட்டும் தவறாது. “இச்சி, நி, சான், சி…” எட்டு வரை போய்விட்டு மறுபடியும் இச்சி. ஜப்பானிய மொழியில் அதற்கு மேல் பத்துப் பதினைந்து சொற்கள்தான் அவருக்குத் தெரியும். எட்டு வயதில் சிங்கப்பூர்ப் பள்ளி முற்றம் ஒன்றில் ஏறியது, எழுபத்தேழு ஆண்டுகளாக இறங்கவில்லை.

போர்க்காலத்தில் பிள்ளைகளுக்கு நடக்கும் கருத்துத் திணிப்பைப் பற்றி எளிமையாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த எண்ணிக்கைதான். திணிப்பு என்றதும் நாம் பொய்யான பாடப்புத்தகத்தை நினைக்கிறோம். பொய்யும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் காதுக்குள் நுழைவதற்கு முன்பே கை கால்களுக்குள் நுழைந்துவிடுகிறது.

முதலில் சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். மூளைச் சலவை, கருத்துத் திணிப்பு, பிரசாரம் என்று மூன்றையும் ஒரே பையில் போட்டுப் பேசுவது நம் வழக்கம். பிரசாரம் எல்லோரையும் நோக்கிக் கூவுவது. கேட்பவர் காதைப் பொத்திக்கொள்ளலாம். கருத்துத் திணிப்புக்கு வகுப்பறை மாதிரி ஓர் இடம் வேண்டும். அங்கே கேட்பவர் எழுந்து போக முடியாது, சொல்பவரை அவர் நம்ப வேண்டிய நிலையில் இருக்கிறார், சொன்னதைத் திரும்பச் சொன்னால் பரிசு, கேள்வி கேட்டால் அடி. எட்டு வயதுப் பிள்ளை இந்த நிபந்தனைகள் அனைத்துக்கும் பொருந்தும்.

அப்படியானால் எல்லாப் பள்ளியும் திணிப்புத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏழு எட்டு ஐம்பத்தாறு என்று வாய்பாட்டை நாமும் விளக்கமில்லாமல்தான் உருப்போட்டோம். ஆனால் ஒரு பிள்ளை எழுந்து ‘ஏன் ஐம்பத்தாறு?’ என்று கேட்டால், ஆசிரியர் புளியங்கொட்டையை எட்டெட்டாக ஏழு வரிசையில் அடுக்கிக் காட்டலாம். பிள்ளையே எண்ணிப் பார்த்துக்கொள்ளும். ‘ஜப்பானியச் சக்கரவர்த்தி ஏன் தெய்வ வம்சம்?’ என்று 1942இல் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் அடுக்கிக் காட்ட எந்தக் கொட்டையும் இல்லை. மனப்பாடம் செய்யவைப்பது குற்றமில்லை. அடுத்து வரும் கேள்விக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. திணிக்கப்படுவது உண்மையாகவும் இருக்கலாம் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

போர் வந்தால் ஏன் இது முற்றுகிறது? அரசுக்கு அவசரம். இன்றைய பத்து வயதுப் பையன் எட்டு ஆண்டுகளில் சிப்பாய். இன்றே செய்தி கொண்டுபோகவும் தோட்டத்தில் கிழங்கு நடவும் ஆவான். வீட்டில் பெரியவர்கள் பழைய விசுவாசத்தோடு இருப்பார்கள், அவர்களை மாற்றுவது கடினம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியை நம் பாட்டிகள் ஒழுக்கத்துக்காகச் சொன்னார்கள். போர் அமைச்சுகளுக்கு அந்த ஞானம் எந்த மொழிபெயர்ப்பும் இல்லாமலே புரிந்திருந்தது.

இனி சிங்கப்பூர். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி புக்கிட் தீமாவில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. தீவுக்கு சியோனான் என்று புதுப்பெயர். தெற்கின் ஒளி என்று பொருள். முதலில் பிடிபட்டது கடிகாரம். உள்ளூர் நேரம் ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டு தோக்கியோ நேரமானது. இங்கே சூரியன் எழும்போது கடிகாரம் ஏறக்குறைய எட்டு மணி காட்டும். நாட்காட்டியும் மாறியது: 1942ஆம் ஆண்டு ஜப்பானியப் பேரரசுக் கணக்கில் 2602 ஆனது. ஒரு பிள்ளையின் இடத்தில் நின்று பாருங்கள். எழுந்திருக்கும் நேரம், எழுதும் தேதி, வசிக்கும் ஊரின் பெயர் எல்லாமே இன்னொருவருடையவை, முதல் பாடம் தொடங்குவதற்கு முன்பே.

ஏப்ரலில் பள்ளிகள் மெல்லத் திறந்தன. அதற்கு முன் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் சூக் சிங் என்ற பெயரில் சீன ஆண்கள் ஆயிரக்கணக்கில் வடிகட்டிக் கொல்லப்பட்டிருந்தார்கள். பள்ளி முற்றத்தில் வரிசையாக நின்ற பிள்ளைகளில் பலருக்கு அப்பா இல்லை, அண்ணன் இல்லை. அந்த வரிசைதான் காலையில் ஜப்பான் இருக்கும் திசை நோக்கித் திரும்பி, சக்கரவர்த்திக்கு இடுப்பு வரை குனிந்து வணங்கி, ஜப்பானின் தேசிய கீதமான கிமிகாயோவைப் பாடியது. பிறகு வானொலி உடற்பயிற்சி. ஜப்பானில் 1928 முதல் இருந்துவந்த பழக்கம் அது. இசைக்கு ஏற்ப எல்லோரும் ஒரே நேரத்தில் கையை விரிக்க வேண்டும். என் சின்னத் தாத்தாவின் இச்சி, நி, சான் அங்கிருந்து வந்தது.

இந்தக் குனிதலில்தான் முழு உத்தியும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சக்கரவர்த்தியை நம்புகிறாயா என்று யாரும் பிள்ளையைக் கேட்கவில்லை. குனி என்றார்கள். பக்கத்தில் நிற்பவன் குனிகிறான், ஆசிரியர் குனிகிறார், நேற்றுவரை பிரம்போடு அதிகாரம் செய்த தலைமையாசிரியரும் குனிகிறார். தினமும் செய்யும் ஒன்றுக்கு மனம் தானாகவே ஒரு காரணம் தேடிக்கொள்ளும். காலையில் வாசலில் கோலம் போடும் பழக்கம் உள்ளவருக்கு ஒருநாள் போடாவிட்டால் உறுத்தும். ஏன் என்று கேட்டால் காரணம் பிறகுதான் வரும். பழக்கத்தை முன்னே அனுப்பி நம்பிக்கையைப் பின்னே வரவழைக்கும் வழி அது.

மொழி இரண்டாவது கருவி. கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்துப் பாடங்கள் நாளிதழில் வந்தன, வானொலியில் வந்தன. ஆசிரியர்கள் வகுப்புக்குப் போய்த் தாங்கள் கற்றதை மறுநாள் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். பல வகுப்பறைகளில் ஆசிரியருக்கும் மாணவனுக்கும் இடையே ஒரே ஒரு பாடம்தான் இடைவெளி. குவீன் ஸ்திரீட்டில் இயங்கிய ஜப்பானிய மொழிப் பள்ளி ஒன்றுக்கு ஜிம்போ கோத்தாரோ என்ற கவிஞர் முதல்வராக இருந்தார். கவிஞர்! கத்தியோடு வந்தவர்கள் மட்டும் இந்த வேலையைச் செய்யவில்லை; தங்கள் மொழியை உண்மையாகவே நேசித்தவர்களும் செய்தார்கள். மொழி தெரிந்தவருக்கு வேலை கிடைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னாளில் சிங்கப்பூர் அதிபரான எஸ். ஆர். நாதன் மூவாரில் இளைஞராக இருந்தபோது ஜப்பானிய மொழியைத் தாமே கற்று மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். பசிக்கும் வயிற்றுக்கு நிப்பொங்கோ, அதாவது ஜப்பானிய மொழி, ஒரு தொழில். அதைக் கற்றவர்களையெல்லாம் சலவை செய்யப்பட்டவர்கள் என்று எண்ணுவது சோம்பேறித்தனம்.

சிங்கப்பூர்ப் பிள்ளைகள் வாங்கியது ஜப்பானியப் பிள்ளைகள் வாங்கியதில் ஒரு துளிதான். அங்கே 1890ஆம் ஆண்டின் கல்வி அரசாணை பள்ளி விழாக்களில் பயபக்தியோடு வாசிக்கப்பட்டது. சக்கரவர்த்தியின் படத்துக்குத் தனிச் சந்நிதி போன்ற அமைப்பு. 1941இல் தொடக்கப்பள்ளிகளுக்கே ‘தேசியப் பள்ளிகள்’ என்று பெயர் மாற்றினார்கள். 1945 ஆகஸ்டில் தோற்ற பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் உலுக்கும் காட்சி. புதுப் புத்தகம் அச்சிட நேரமில்லை. அதனால் அதே ஆசிரியர்கள், அதே வகுப்பில், அதே பிள்ளைகளிடம் தூரிகையும் கறுப்பு மையும் எடுக்கச் சொல்லி, இந்தப் பக்கத்தில் இந்த வரியிலிருந்து அந்த வரி வரை அழி என்றார்கள். நேற்று புனிதம் என்று இரு கையால் ஏந்திய புத்தகம். பிள்ளைகள் கீழ்ப்படிந்து அழித்தார்கள். அந்தக் கீழ்ப்படிதலையும் அதே பள்ளிதான் கற்றுக்கொடுத்திருந்தது.

கணக்குப் பாடம்கூடத் தப்பவில்லை என்பதற்கு ஜெர்மனியிலிருந்து ஓர் உதாரணம். நாஜி காலத்துக் கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தது: மனநோயாளிகள் இல்லம் ஒன்று கட்ட 60 லட்சம் மார்க் செலவாகிறது, ஒரு வீட்டுக்கு 15,000 மார்க் என்றால், அந்தப் பணத்தில் எத்தனை வீடுகள் கட்டியிருக்கலாம்? விடை 400. கணக்கு சரி. வகுத்தலில் பொய் இல்லை. ஆனால் பையன் வீட்டுக்குப் போகும்போது தலையில் 400 மட்டும் போவதில்லை. அந்த நோயாளிகள் நானூறு குடும்பங்களின் வீட்டைத் தின்றுவிட்டார்கள் என்ற கணக்கும் கூடவே போகிறது. யாரும் அவனிடம் அதைச் சொல்லவில்லை. அவனே கண்டுபிடித்தான் என்பதால் இன்னும் ஆழமாக, பசுமரத்தாணியாக இறங்கும்.

சிங்கப்பூரில் ஜப்பானியத் திணிப்பு எவ்வளவு வென்றது? குறைவாகவே, என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. தைவான் ஐம்பது ஆண்டுகள் ஜப்பானின் கையில் இருந்தது, கொரியா முப்பத்தைந்து. இங்கே மூன்றரை. பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் குறைவு; பல பிள்ளைகள் சிகரெட் விற்றார்கள், தோட்டத்தில் மரவள்ளி பிடுங்கினார்கள். பள்ளிக்குள்ளேயும் பாட நேரத்தில் கிழங்கு நடவேண்டியிருந்தது. ‘ஆசியா ஆசியருக்கே’ என்ற வாசகத்தைக் கேட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தால், காவலில் நின்ற சிப்பாய்க்கு வணக்கம் சொல்ல மறந்த முதியவர் அறை வாங்கிக்கொண்டிருப்பார். ‘பக்கேரோ’ என்ற வசவு அந்தத் தலைமுறையில் பலருக்கு முதல் ஜப்பானியப் பாடம். வகுப்பறை சொல்வதைத் தெரு தினமும் பொய்யாக்கினால் திணிப்பு ஒட்டாது. வயிறும் நல்ல விமர்சகர்.

ஆனால் இதை எழுதும் தமிழன் இங்கேயே நிறுத்திக்கொண்டால் அது கோழைத்தனம். நம் வீடுகளில் அந்தக் காலத்தைப் பற்றி இரண்டு கதைகள் ஓடுகின்றன. ஒன்றில் ஜப்பான்காரன் வருகிறான். மரவள்ளி, அறை, ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதைக்கு இழுத்துப் போகப்பட்டுத் திரும்பாத சித்தப்பா. இன்னொன்றில் நேதாஜி வருகிறார். குரல் உயர்கிறது, கண் ஈரமாகிறது. முதல் கதையில் பிள்ளைகள் பாட்டுப் பாடி அணிவகுத்தால் திணிப்பு என்கிறோம். இரண்டாவதில் அதே பிள்ளைகள் பாட்டுப் பாடி அணிவகுத்தால் எழுச்சி என்கிறோம்.

நடந்தது இதுதான். 1943 ஜூலை மாதம் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர சங்கத்தின் தலைமையை கேத்தே கட்டடத்தில் ஏற்றார். மறுநாள் பாடாங்கில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அக்டோபர் 21ஆம் தேதி அதே கேத்தேயில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. மறுநாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ராணி ஜான்சி படையின் பயிற்சி முகாம் திறந்தது. அதில் சேர்ந்தவர்களில் பதின்ம வயதுத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். சிறுவர்களுக்கு பால சேனை இருந்தது. அணிவகுப்பு, ‘ஜெய் ஹிந்த்’ வணக்கம், பாட்டு. ஜன கண மன மெட்டில் அமைந்த தேசிய கீதம் இந்துஸ்தானியில். இங்கே ஒரு வேடிக்கை: 1938இல் மதராஸ் மாகாணத்தில் கட்டாய இந்தியை எதிர்த்துத் தமிழர்கள் சிறைக்குப் போனார்கள். ஐந்தே ஆண்டில் சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் இந்துஸ்தானியை விருப்பத்தோடு உச்சரித்தார்கள், பொருள் பாதி புரியாமலே.

என் சின்னத் தாத்தாவும் பால சேனையில் இருந்தார். தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆண்டு அது என்பார். முதல்முறையாக ஒருவர் தன்னைக் கூலிக்காரன் மகன் என்று பார்க்காமல் நாட்டின் மகன் என்று பார்த்தாராம். அதை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தக் கொள்கை எனக்கும் சரியென்றே படுகிறது. இந்தியா விடுதலை பெற வேண்டியதுதான். ஆனால் முன்னே குறித்துக்கொள்ளச் சொன்ன வரியை இப்போது எடுங்கள். உண்மையான ஒன்றையும் திணிக்க முடியும். பால சேனையில் ஒரு பத்து வயதுப் பையன் எழுந்து, ‘ஜப்பான்காரன் சீனக் கடைக்காரரைக் கொண்டுபோய்விட்டான், நாம் ஏன் அவனோடு நிற்கிறோம்?’ என்று கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? சங்கத்தின் உறுப்பினர் அட்டை பல குடும்பங்களுக்குப் பாதுகாப்பாக இருந்த காலம் அது. சேராமல் இருக்கும் சுதந்திரம் எவ்வளவு இருந்தது? இந்தக் கேள்வியை நான் ஒருமுறை குடும்ப விருந்தில் கேட்டுவிட்டு, பாயசம் வருவதற்குள் எழுந்து போகவேண்டியதாயிற்று.

பிரிட்டிஷ்காரனையும் விடக் கூடாது. போருக்கு முன் மே 24ஆம் தேதி பேரரசு தினம். ஆங்கிலப் பள்ளிகளில் கொடி, மன்னரைக் கடவுள் காக்கட்டும் என்ற பாட்டு, உலக வரைபடத்தில் சிவப்பாக நிறைந்த சாம்ராஜ்யம். அமைதிக் காலம் என்பதால் அடி குறைவு, மெருகு அதிகம். ஒட்டியதும் அதிகம் என்பேன்; அந்தப் பள்ளியில் படித்த பெரியவர்கள் சிலர் இன்றும் லண்டன் மழையை உறவினர் போல விசாரிக்கிறார்கள்.

1934இல் பிறந்து இங்கே ஆங்கிலப் பள்ளிக்குப் போன ஒரு தமிழ்ப் பிள்ளையின் தொண்டையைக் கணக்கெடுத்துப் பாருங்கள். ஏழு வயதில் ஆங்கில மன்னருக்குப் பாட்டு. எட்டில் கிமிகாயோ. ஒன்பதில் சுதந்திர இந்தியாவின் கீதம். பதினொன்றில், 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும், மறுபடியும் மன்னருக்கு. சிங்கப்பூரின் தேசிய கீதமான மஜுலா சிங்கப்பூரா வருவதற்குள் இருபத்தைந்து வயதாகிவிடும். இவ்வளவு பாடிய பிறகு அந்தத் தலைமுறை கொடியைக் கண்டால் சற்றுத் தள்ளி நிற்பதில் என்ன வியப்பு?

இப்போது நம் பிள்ளைகள் காலையில் கொடியேற்றி, எஸ். ராஜரத்னம் 1966இல் எழுதிய தேசியப் பற்றுறுதியைச் சொல்கிறார்கள். 1997 முதல் தேசியக் கல்வி. பிப்ரவரி 15ஆம் தேதி முழுமைத் தற்காப்பு தினத்தில் பள்ளியில் மரவள்ளியோ சர்க்கரைவள்ளியோ தின்னக் கொடுப்பதும் உண்டு. இது திணிப்பா? என் விடை: வகுப்பைப் பொறுத்தது. 2017இல் பழைய ஃபோர்டு தொழிற்சாலையின் காட்சிக்கூடத்துக்குச் சியோனான் என்ற பெயரைச் சேர்த்துத் திறந்தபோது மக்கள் கொதித்தார்கள். சில நாள்களுக்குள் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்தச் சர்ச்சையை ஒரு வகுப்பில் வைத்து, ஏன் ஒரு பெயர் எழுபத்தைந்து ஆண்டு கழித்தும் சுடுகிறது என்று பிள்ளைகள் ஒருவரோடொருவர் வாதாட விட்டால் அது கல்வி. ‘எழுதிக்கொள், தேர்வில் வரும்’ என்று முடித்தால், மரவள்ளி வெறும் மரவள்ளி.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்கலாம். இல்லாவிட்டால் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் ஜப்பானியர் காலத்தை நினைவுகூரும் தமிழ்க் குரல்களும் இருக்கின்றன. எதைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம். ‘என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?’ என்றால் பெரியவர்கள் பின்னாளில் படித்ததையும் தொலைக்காட்சியில் பார்த்ததையும் கலந்து ஓர் உரை நிகழ்த்துவார்கள். ‘மணி அடித்ததும் என்ன செய்வீர்கள், எங்கே நிற்பீர்கள், பக்கத்தில் யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் பள்ளி முற்றம் திறக்கும்.

2019இல் அப்போது தொடக்கநிலை மூன்றில் படித்த என் மகள்தான் சரியான கேள்வியைக் கேட்டாள். தோ பாயோ கீழ்த்தளத்தில் கல் மேசையருகே உட்கார்ந்து அவர் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “தாத்தா, நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவீர்கள்?” என்றாள். அவர் யோசிக்கவில்லை. தூண்களைத் தாண்டி, பேரங்காடி இருந்த பக்கமாக, திரும்பி நின்றார். குதிகால்கள் ஒட்டிக்கொண்டன. நான் கைத்தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தேன். வடகிழக்கு. தோக்கியோ அங்கேதான் இருக்கிறது.

“இப்படித்தான்” என்றார். குனியவில்லை.